முழங்காலுக்கு ஒரு சிவப்பு விளக்கு

சனிக்கிழமை பின்னேரம் ரவூப் பந்தடித்துவிட்டு வந்தால், ஞாயிறு காலையில் அவன் சப்பாத்துக்குள் போட்ட மேசுகளைக் கழுவுவது நூருன்னிஸாவின் வேலை. வீட்டு உடுப்பெல்லாம் கழுவ ஒரு பெண் வந்து போவாள். மேசும் சப்பாத்தும் மட்டும் அவள் கைக்குப் போகாது. நூருன்னிஸா கிணற்றடியில் குந்தியிருந்து, உடைந்த கரண்டியின் காம்பால் சப்பாத்தின் அடியில் அப்பிய சேற்றைச் சுரண்டிப் போட்டுவிட்டு, மேசுகளைக் கல்லில் வைத்துச் சவர்க்காரம் போடுவாள்.

மகன் மேல் அவ்வளவு பாசம் என்று அவள் புருஷன் பாறூக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். பாசத்தில் குறைவில்லைதான். ஆனால் காரணம் வேறு. அவள் மைதானத்துக்கு ஒரு நாளும் போனதில்லை. அங்கே என்ன நடந்தது என்பதை அந்தச் சேற்றில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். காற்சட்டையின் ஒரு பக்கத்தில் புல்லின் பச்சை பிடித்திருந்தால் வழுக்கி விழுந்திருக்கிறான். மேசின் முன்பக்கம் நூல் பிரிந்திருந்தால் எவனோ உதைத்திருக்கிறான். முழங்கால் பக்கம் சுத்தமாக இருந்தால் அந்த வாரத்துக்கு அவளுக்கு நிம்மதி.

பந்து என்றாலே அவளுக்கு நாலந்தாவில் இருக்கும் தம்பி ஸக்கரியாவின் ஞாபகம்தான் வரும். இளவயதில் பந்தடிக்கப் போய் முழங்காலைக் கெடுத்துக்கொண்டவன். அது சரியாகப் பொருந்தவேயில்லை. இப்போது சில்லறைக் கடையில் ஒரு காலை முன்னுக்கு நீட்டியபடி கதிரையில் இருந்துகொண்டே யாவாரம் பண்ணுகிறான். மேல் தட்டில் இருக்கிற சாமானை யாராவது கேட்டால், “நீங்களே எட்டி எடுங்க” என்பான். சனங்களும் எடுத்துக்கொள்வார்கள். தம்பி அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வான். நூருன்னிஸாவுக்குச் சிரிப்பு வராது.

அவள் பிறந்தது நாவுலப் பக்கம். வாப்பாவுக்கு மிளகாய்த் தோட்டமும் கொஞ்சம் வயலும் இருந்தன. பதினேழு வயதில் பாறூக்கைக் கட்டிக்கொண்டு மாத்தளைக்கு வந்தாள். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. பல்லேபொலயிலிருந்தும் நாவுலயிலிருந்தும் வருகிற மிளகு, சாதிக்காய், கொக்கோ எல்லாம் அவள் குசினி ஜன்னலைத் தாண்டித்தான் களஞ்சியத்துக்குப் போகும். மூத்தவள் றமீஸாவைக் கட்டிக் கொடுத்தாயிற்று. இளையவன் ரவூப் வாப்பாவோடு கடையில் நிற்கிறான். சனிக்கிழமைகளில் ஊர்க் கழகத்துக்கு முன்வரிசையில் ஓடுகிறான்.

வைத்தியம் என்று வந்தால் நூருன்னிஸா ஒன்றை நம்பி மற்றதை விட்டவள் அல்ல. வீட்டில் யாருக்கும் காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவிப்பாள், டொக்டரின் குளிசையும் கொடுப்பாள், லெப்பையிடம் ஓதிய தண்ணீரும் வாங்கி வருவாள். எதனால் சுகம் வந்தது என்று கேட்டால், “வந்திச்சில்ல, அது போதாதா?” என்பாள். ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. குழம்பில் பத்துச் சாமான் சேர்கிறது. எதுவும் எதையும் கெடுப்பதில்லையே.

அறுபத்தேழாம் ஆண்டு பெருமழைக்குப் பிந்திய ஒரு சனிக்கிழமை, ரவூப் சைக்கிளின் முன் தண்டில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தான். மிதித்துக்கொண்டு வந்தவன் கழகத்தின் கோல் காப்பாளன் புஹாரி. சப்பாத்து இரண்டும் புஹாரியின் தோளில் தொங்கின. திரும்பும்போது கால் சேற்றில் மாட்டிக்கொண்டதாம். உடம்பு ஒரு பக்கம் போக, முழங்கால் மறுபக்கம் போயிற்றாம். விடிவதற்குள் முழங்கால் பலாக்கொட்டை மூட்டை மாதிரி வீங்கிவிட்டது.

அந்த ஞாயிறும் நூருன்னிஸா மேசுகளைக் கழுவினாள். காய்ந்ததும் சப்பாத்தோடு சேர்த்து ஒரு பழைய துணியில் முடிந்து அலுமாரிக்கு மேலே போட்டாள். பிறகு மகனின் கட்டிலண்டையில் வந்து நின்று, தான் சொல்லாமல் இனி மைதானத்தில் கால் வைப்பதில்லை என்று வாக்குக் கேட்டாள். நோவோடு படுத்திருந்தவன் எதற்கும் தலையாட்டுகிற நிலையில் இருந்தான். தலையாட்டினான்.

பல்லேபொல வெதமாத்தயா, சிங்கள நாட்டு வைத்தியர், நல்ல கைராசிக்காரர். எலும்பு முறியவில்லை, நரம்பு இழுபட்டிருக்கிறது என்று தடவிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். இலை அரைத்துக் கட்டினார். வீக்கம் வற்றியது. கட்டை அவிழ்த்த அன்று, தன் வேலை முடிந்தது, இனித் தசைக்குப் பலம் வர வேண்டும் என்று சொல்லி ஒரு போத்தல் எண்ணெய் கொடுத்தனுப்பினார். ஆனால் நூருன்னிஸா அந்தத் தொடையை மற்றத் தொடையோடு வைத்துப் பார்த்தாள். மற்றக் காலில் பாதிதான் இருந்தது. படி இறங்கும்போது முழங்கால் சொல்லாமல் கொள்ளாமல் மடிந்தது. ரவூப் கதிரையில் உட்காரும்போது அந்தக் காலை முன்னுக்கு நீட்டி வைக்கத் தொடங்கியிருந்தான். ஸக்கரியா வைக்கிற மாதிரியே.

ஏலக்காய் வாங்க வந்த அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் தியாகராஜாதான் பாறூக்கிடம் மேட்டு பங்களாவைப் பற்றிச் சொன்னார். ஊருக்கு வெளியே, ஒரு தோட்டத்துரை விட்டுப்போன பழைய பங்களாவில், ஓய்வு பெற்ற சிங்கள டொக்டர் ஒருவர் நடத்திய சின்னத் தர்ம வைத்தியசாலை அது. தியாகராஜாவின் மனைவி தவமணிதேவி அங்கே வேலை. கொழும்பில் படித்தவள். கத்தி இல்லை, ஊசி இல்லை, விளக்காலும் கரண்டாலும் பயிற்சியாலும் கைகால்களைத் திருப்பி எடுக்கிறாள் என்றார் தியாகராஜா. மனைவியைப் பற்றிச் சொல்கிறோமே என்ற கூச்சத்தில் ஏலக்காயை முகர்ந்து பார்த்தபடியே சொன்னார்.

“ஊசி இல்லாட்டி ரவூப்ட உம்மாவும் சம்மதிப்பா” என்றார் பாறூக்.

நூருன்னிஸா சம்மதித்தாள், ஆனால் கூடவே போனாள். கலியாணமாகாத வாலிபன், வேற்றுப் பெண் முன்னால் சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்க வேண்டும். உம்மா பக்கத்தில் இருப்பதுதான் முறை.

அந்த அறையில் ஒரு நீளக் கட்டில், ஒரு திரை, இரும்புக் காலில் வளைந்து நின்ற ஒரு விளக்கு, மேசை மேல் வயர் தொங்கும் மரப்பெட்டி. விளக்கைப் போட்டதும் அது செக்கச் சிவந்தது. வெளிச்சம் என்னவோ குசினி அடுப்பின் கங்கு அளவுக்குத்தான், சூடு மட்டும் எட்டி நின்ற நூருன்னிஸாவின் கன்னத்தில் வந்து பட்டது. அந்தச் சூடு உள்ளே போய் இறுகிய தசையை இளக்கும் என்று தவமணி விளங்கப்படுத்தினாள். அதற்குப் பிறகு மரப்பெட்டி. உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு துணிப் பட்டைகளைத் தொடையில் வைத்துக் கட்டி, பெட்டியில் ஒரு குமிழைத் திருப்பினாள். ரவூப் சும்மா படுத்திருக்க, தொடைத் தசை தானாகத் துள்ளியது. அடங்கியது. மறுபடி துள்ளியது. அறுத்த கோழியின் நெஞ்சு துடிக்கிற மாதிரி இருந்தது நூருன்னிஸாவுக்கு. வாய்க்குள் ஓதத் தொடங்கினாள்.

கால் தன் வேலையை மறந்துபோய்விட்டது, கரண்ட் அதற்கு ஞாபகப்படுத்துகிறது என்றாள் தவமணி. நோகிறதா என்று ரவூப்பைக் கேட்டதற்கு, கூசுது மிஸி என்று அவன் சிரித்தான். விழுந்த நாளுக்குப் பிறகு நூருன்னிஸா கண்ட முதல் சிரிப்பு அது.

புறப்படும்போது அவள் தவமணியை வாசல் பக்கம் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“மிஸி, ஒண்டு கேக்கட்டா? கால் நல்லாகணும். ஆனா பந்தடிக்க மட்டும் ஏலாமப் போகணும். அதுக்கு இங்க ஏதும் மிஷின் ஈக்கா?”

தவமணி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “அப்பிடி ஒண்டை இன்னும் கண்டுபிடிக்கேல்லை அக்கா. நடக்கிறதும் ஓடுறதும் இந்த ஒரு காலாலைதானே.”

கட்டிலில் இருந்த ரவூப் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கேட்டிருக்கும்.

கிழமையில் மூன்று நாள் போனார்கள். ஒவ்வொரு முறையும் விளக்குக்கு முன் காலைத் துடைத்து ஈரமோ எண்ணெயோ இல்லாமல் பார்க்க வேண்டும் என்பது அந்த அறையின் விதி; அது தவமணியின் வேலை. ஆனால் முதல் நாளே நூருன்னிஸா துவாயோடு முன்னுக்கு வந்துவிட்டாள். திரையை இழுத்துவிட்டு, மகனின் சாரத்தை வேண்டிய அளவுக்கு மட்டும் ஒதுக்கி, அவளே துடைத்தாள். உம்மா இருக்கும்போது நான் ஏன் தொட வேண்டும், அவர்களுடைய மரியாதைக்கு அதுதான் நல்லது என்று தவமணியும் விலகி நின்றாள். “துடைச்சாச்சோ அக்கா?” என்று திரைக்கு வெளியிலிருந்து கேட்பாள். “துடைச்சாச்சு” என்பாள் நூருன்னிஸா.

அது பொய்யில்லை. அவள் துடைத்தாள். துடைத்த பிறகு, இடுப்பில் செருகிக்கொண்டு வந்த சின்னப் போத்தலிலிருந்து வெதமாத்தயாவின் எண்ணெயை ஓதி ஊதி, நாலு துளி தடவினாள்.

எண்ணெய் பூசாமல் வரச் சொல்லித் தவமணி முதல் நாளே சொல்லியிருந்தாள். அது படுக்கை விரிப்புப் பழுதாகும் என்பதற்காகத்தான் என்று நூருன்னிஸா எடுத்துக்கொண்டாள். முப்பது வருடமாக அடுப்போடு நிற்கிறவள் அவள். காய்ந்த சட்டியை அப்படியே நெருப்பில் வைத்தால் சட்டி வெடிக்கும்; ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் தாங்கும். கரண்டுச் சூடு வரண்ட சூடு. அதற்கு முன்னால் பிள்ளையின் தோலை வெறுமையாகக் காட்ட எந்த உம்மாவுக்கு மனம் வரும்? ரவூப்புக்குத் தெரியும். உம்மாவின் கையைத் தட்டிவிட அவனுக்கு மனம் இல்லை. கால் வேறு நாளுக்கு நாள் தேறிக்கொண்டு வந்தது. மிஸியின் விளக்காலா, வெதமாத்தயாவின் எண்ணெயாலா என்று பாறூக் கேட்டதற்கு, “ரெண்டாலயும்” என்றாள் நூருன்னிஸா.

ஒரு புதன்கிழமை ரவூப் முழங்காலின் உட்பக்கம் இறுக்கமாக இருக்கிறது என்றான். அவள் கூடுதலாக ஊற்றி அழுத்தித் தேய்த்தாள். விளக்குப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் அறையில் கடுகு வறுக்கிற வாசம் வந்தது. பங்களாவின் குசினிப் பக்கமிருந்து வருகிறது என்று தவமணி நினைத்தாள்.

“சூடு கூடிப்போச்சு உம்மா” என்றான் ரவூப்.

“பொறுத்துக்கோ மகன். சூடு பட்டாத்தானே உள்ளுக்கு எறங்கும்.”

அவனும் பொறுத்துக்கொண்டான். தவமணி திரையை விலக்கிப் பார்த்தபோது முழங்காலின் உட்பக்கம் சிவந்து, நடுவில் தோல் நீர் கோத்துக் கிளம்பியிருந்தது. அவள் பாய்ந்து விளக்கை அணைத்தாள். பச்சைத் தண்ணீரில் துணி நனைத்துப் போட்டாள்.

டொக்டர் வந்தார். மருந்து போட்டார். பிறகு தவமணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நூருன்னிஸா விறாந்தை வாங்கில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே இங்கிலீசில் பேசிக்கொண்டது அவளுக்கு விளங்கவில்லை. தரை கூட்டிக்கொண்டிருந்த பணியாள் கணபதி, தோட்டத்திலிருந்து வந்து துரை காலம் முதல் அந்த பங்களாவில் இருந்து இங்கிலீசு கேட்டுப் பழகியவன், தும்புத்தடியில் சாய்ந்து காது கொடுத்துக் கேட்டான்.

“மிஸி தன்னோட பிழைன்னு சொல்றாங்க. நானே தொட்டுப் பாத்திருக்கணும், பாக்கலங்கிறாங்க.” கொஞ்சம் பொறுத்து மீண்டும் சொன்னான். “வெளக்க பூட்டி வைக்கச் சொல்லிட்டாரு. பந்து வெளையாடுறவங்க இனி இங்க வேணாமாம். சீக்காளிங்கள மட்டும் பாத்தா போதுமாம்.”

நூருன்னிஸாவின் இடுப்பில் போத்தல் உறுத்தியது. அவள் எழும்பவில்லை.

வெளியே வந்த தவமணியின் முகம் வாடியிருந்தாலும் பேச்சில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டில் செய்ய ஒரு பயிற்சி காட்டித் தந்தாள். கதிரையில் உட்கார்ந்து, பாதத்தில் பாரம் கட்டி, காலை மெல்ல நீட்டி, பிடித்து, இறக்க வேண்டும். “இந்தக் கால் நடக்கிறதுக்குக் காணும் அக்கா. கடை வேலைக்கும் காணும். ஓடுறதுக்குத்தான் இன்னும் வேலை கிடந்தது. அது இனி...” என்று நிறுத்திக்கொண்டாள்.

மலைச் சரிவில் இறங்கி வரும்போது நூருன்னிஸா அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். நடக்கும். ஓடாது. முதல் நாள் வாசலில் வைத்து அவள் கேட்ட மிஷின் இதுதான். அல்லாஹ் கேட்டபடியே கொடுத்துவிட்டான். அவள் செய்ய வேண்டியதெல்லாம் வாயைத் திறக்காமல் இருப்பது ஒன்றுதான். பக்கத்தில் நடந்த ரவூப் எண்ணெய் என்ற சொல்லை மிஸியிடமும் சொல்லவில்லை, பிறகு வாப்பாவிடமும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தானென்றால் அவளுக்குத் திருப்பிச் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும்.

பாரத்துக்குக் கடையில் இருந்த இரும்புப் படிக்கற்கள் உதவின. லேஞ்சித் துணியில் முடிந்து பாதத்தில் கட்டிக்கொண்டு ரவூப் பின் அறையில் உட்கார்ந்து காலை நீட்டினான், மடக்கினான். கடையில் மிளகு நிறுக்கிறபோது பாறூக்கின் குரல் கேட்கும்.

“நாலு றாத்தல் படி எங்க போச்சு?”

“ஒங்கட மகன்ட கால்ல” என்று குசினியிலிருந்து பதில் வரும்.

“அவன் காலைக் கழட்டி இங்க அனுப்பு. பல்லேபொல முதலாளி காத்துக்கொண்டு நிக்கிறார்.”

எல்லோரும் சிரிப்பார்கள். ரவூப்பும் சிரிப்பான். கொப்புளம் ஆறி, தோல் உரிந்து, ரோஸ் நிறமாகப் புதுத் தோல் வந்தது. ஒரு பின்னேரம் வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்து அவன் பின் முற்றத்தில் ஓடிப் பார்த்தான். நூருன்னிஸா குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். மதில் வரைக்கும் ஓடினான். திரும்பினான். திரும்பும் இடத்தில் முழங்கால் ஆடியது. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றவன், யாரும் பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து காலை முன்னுக்கு நீட்டி வைத்தான்.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். பொரிக்கச் சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கவனிக்காமல் விட்டதில் புகைந்தது. அவசரத்தில் கை தட்டுப்பட, எண்ணெய் படாத சட்டிக் காதில் விரல் பட்டது. எண்ணெயிலும் ஒரு துளி தெறித்து மணிக்கட்டில் விழுந்தது. சட்டி சுட்ட இடம் கொஞ்ச நேரத்தில் ஆறிவிட்டது. எண்ணெய்த் துளி விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு கொப்புளிக்க வைத்தது. நூருன்னிஸா இரண்டு இடத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். இது அவளுக்குத் தெரியாத விஷயமா? பொரித்த கை அல்லவா இது. எண்ணெய் சட்டியைக் காப்பாற்றியிருக்கலாம், சட்டியில் கிடந்ததை அது காப்பாற்றியதில்லை.

மறுநாள் பகல் குடையை எடுத்துக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாள். மேட்டு பங்களாவுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள். தனியாகவா என்று பாறூக் கேட்டார். இத்தனை வருடத்தில் அவள் டவுனுக்குள் தனியாக எங்கும் போனதில்லை.

“அந்தப் புள்ள என்ட பிழைய தலையில சுமந்துக்கொண்டு நிக்கிது” என்றாள். “அத அங்க வச்சிட்டு நான் இங்க தொழுது என்ன?”

பாறூக்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியவர் போலத் தலையாட்டினார்.

டொக்டரின் மேசையில் போத்தலை வைத்து, நடந்ததைச் சிங்களத்தில் ஒன்றுவிடாமல் சொன்னாள். முதல் நாளிலிருந்து பூசியதையும், சட்டிக் கணக்கையும் சொன்னாள். டொக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார். எந்த வெதமாத்தயா என்று கேட்டார். சொன்னதும், அவருடைய அப்பாவிடம் என் தாயார் போயிருக்கிறார் என்றார். எண்ணெயில் பிழையில்லை, விளக்கில் பிழையில்லை, இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வைத்ததுதான் பிழை என்றார். குரலில் கோபம் இருந்தது. சொல்லி முடித்துவிட்டு மேசை லாச்சியைத் திறந்து விளக்கு அறைப் பூட்டின் திறப்பை எடுத்துக் கணபதியிடம் கொடுத்தார். இனி விளக்குக்கு முன் தவமணியின் கையைத் தவிர வேறு எவருடைய கையும் அந்தக் காலில் படக் கூடாது. உம்மாவாக இருந்தாலும் சரி. போத்தலைத் திருப்பிக் கொடுப்பார் என்று நூருன்னிஸா காத்திருந்தாள். அவர் அதைத் தன் முதுகுக்கு வைத்துக்கொண்டார்.

தவமணி அவளை வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்தாள்.

“நீங்கள் இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம் அக்கா. துடைக்க வேண்டியது நான். உங்கடை பிள்ளை, நீங்கள் பக்கத்திலை இருக்கிறியள் எண்டு கூச்சப்பட்டு விட்டிட்டன்.”

“கூச்சத்தப் பாத்தா கால் நல்லாகாது எண்டு எனக்கும் இப்பத்தான் வெளங்குது” என்றாள் நூருன்னிஸா. பிறகு, “ஓட வைங்க மிஸி. பாதியில விட்டா அது என்ட தம்பிட கால்தான்” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் திரைக்கு வெளியே உட்கார்ந்தாள். தவமணி ஸ்பிரிட் துணியால் துடைத்தாள், புறங்கையால் தோலைத் தொட்டுப் பார்த்தாள், பிறகுதான் விளக்கு எரிந்தது. பெட்டி தசையைத் துள்ள வைத்தது. சில கிழமைகளில் பெட்டி வேண்டியிருக்கவில்லை. ரவூப் சொன்னால் தொடை கேட்டது. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள் தவமணி. துள்ளச் சொன்னாள். பங்களாச் சரிவில் ஏறி, இறங்கி, திரும்பி ஓடச் சொன்னாள். வீங்கினால் சோடாக் கடை ஐஸைத் துவாயில் சுற்றி வைக்கச் சொன்னாள். குளிர் பிடிக்குமே என்று நூருன்னிஸாவுக்கு வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

கட்டுப் போடவும் தவமணி அவளுக்குத்தான் சொல்லிக் கொடுத்தாள். இழுபடுகிற துணிச் சுருளால் இரண்டு விதமான கட்டு. ஒன்று வீட்டுக்கு, தளர்வாக, சும்மா ஒரு அணைப்புக்கு. மற்றது மைதானத்துக்கு, முழங்காலின் மேலும் கீழும் மாறிமாறிப் போய், பக்கங்களில் இறுகி வரும். “இது ஓடுறவைக்கு. இதைப் போட்டுக்கொண்டு சும்மா குந்தியிருந்தால் கால் விறைச்சுப்போகும்” என்றாள். இரண்டாவதை நான் ஏன் பழக வேண்டும் என்று நூருன்னிஸா கேட்கவில்லை. தன் சொந்தக் காலிலேயே போட்டுப் பழகினாள்.

விளக்கு அறை திரும்பத் திறந்த செய்தி கழகத்துக்கும் போயிற்று. தோள் மூட்டு நோவோடு புஹாரி வந்தான். விறாந்தையில் நூருன்னிஸாவைக் கண்டதும் அவனுக்கு நாக்கு அரித்தது.

“மாமி, எண்ணெ பூசிட்டு வந்தா கெதியா சொகமாகுமாமே?”

“ஒனக்குத் தலையில பூசணும்டா” என்றாள் அவள். “அங்கதான் ஒண்டும் எறங்குதில்ல.”

பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் கண்டியிலிருந்து ஒரு அணி வருவதாக இருந்தது. வியாழக்கிழமை தவமணி ரவூப்பின் இரண்டு தொடைகளையும் நாடாவால் அளந்து பார்த்தாள். சரிவில் ஓட விட்டுப் பார்த்தாள். கால் ரெடி என்று அவனிடம் சொன்னாள். பிறகு திரைக்கு வெளியே வந்து நூருன்னிஸாவிடமும் அதையே சொன்னாள். மிச்சத்தைச் சொல்ல வேண்டியவள் யார் என்று தவமணிக்கும் தெரிந்திருந்தது போல, நாடாவைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. நூருன்னிஸா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ரவூப் கடையில் மூட்டை தூக்கினான். வாக்குக் கொடுத்தவன்; கேட்கவும் அவனுக்குப் பயம். வெள்ளி பின்னேரம் ஸக்கரியா நாலந்தாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினான், மாட்ச் பார்க்க. படியில் ஒரு காலை இழுத்து ஏறி வந்த தம்பிக்கு நூருன்னிஸா தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் மருமகனின் முழங்காலை அமுக்கிப் பார்த்தான். தன் காலத்தில் இப்படி ஒரு விளக்கு இருந்திருந்தால் என்று ஏதும் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அவன் சொன்னதெல்லாம், நாளைக்கு மேற்குப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடிக்காது என்பதுதான்.

சனிக்கிழமை பகல் லுஹர் தொழுதுவிட்டு அவள் பின் அறைக்குப் போனபோது, ரவூப் கட்டிலில் உட்கார்ந்து தானே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். துணி முறுகியிருந்தது. சுருள் கைதவறி உருண்டு கட்டிலின் கீழே போயிற்று. கடையில் பாறூக்கும் ஸக்கரியாவும் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

நூருன்னிஸா குனிந்து சுருளை எடுத்தாள். தூசியைத் தட்டினாள். மகன் சுற்றி வைத்திருந்ததை முழுவதுமாக அவிழ்த்தாள்.

“எண்ணெ கிண்ணெ பூசினியா?”

“இல்ல உம்மா.”

அவள் நம்பவில்லை; புறங்கையால் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். உட்பக்கத்தில் புதுத் தோல் இன்னும் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது. தரையில் முழந்தாளிட்டு, பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். துணியை இழுத்துப் பிடித்து, முழங்காலுக்குக் கீழே ஒரு சுற்று, மேலே ஒரு சுற்று, பின்பக்கத்தால் எடுத்து மாறி, மறுபடி கீழே. பக்கங்களில் இறுக்கினாள். ரவூப் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எந்தக் கட்டு என்று அவனுக்குப் பாதியிலேயே விளங்கியிருக்கும். ஆனாலும் அவனுக்கு அது காதில் விழ வேண்டியிருந்தது.

“சொல்லுங்க உம்மா. நான் போகட்டா?”

அவள் ஊசியைக் குத்தி, நுனி உள்ளே போயிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். மடியிலிருந்த பாதத்தைத் தூக்கித் தரையில் வைத்தாள். கட்டிலைப் பிடித்து எழும்பி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அறையை விட்டு வெளியே போய், அலுமாரிக்கு மேலே கிடந்த சப்பாத்து முடிச்சை எடுத்து வந்து அவன் பக்கத்தில் வைத்தாள்.